சுவரில் இல்லாதவர்கள்

'டெலி' என்றால் டெல்லி இல்லை. டெலிகடெஸன் என்பதைச் சுருக்கிக் கூப்பிடுவது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய யூதர்கள் வளர்த்த சாப்பாட்டுக் கடை. அங்கே ராஜா, பாஸ்ட்ராமி. மாட்டுக்கறியை நாள்கணக்கில் உப்புநீரில் ஊறப்போட்டு, மிளகும் தனியாவும் அப்பி (ஏறக்குறைய நம் ரசப்பொடி சாமான்), புகையில் வாட்டி, ஆவியில் வேகவைத்து, மெலிசாகச் சீவி, ரை ரொட்டிக்கு நடுவே அடுக்குவார்கள். சைவர்கள் மன்னிக்கவும். அடுத்த பாராவில் கறி கொஞ்சம் குறைவு.

ஏழாவது அவென்யூவில் கார்னகி ஹாலுக்குப் பக்கத்தில் இருந்த கார்னகி டெலி, 1937-ல் திறந்து, 2016 டிசம்பர் 31-ம் தேதி மூடப்பட்டது. ஒரு சாண்ட்விச்சில் அரைக் கிலோவை நெருங்கும் கறி. சுவர் தெரியாத அளவுக்கு நடிகர்கள், பாடகர்கள், பிரமுகர்களின் போட்டோக்கள். மூடப்போகிறார்கள் என்றதும் குளிரில் க்யூ நின்றது. கடைக்கு அஞ்சலி எழுதியவர்கள் அந்தச் சுவரைத்தான் உருகி உருகி எழுதினார்கள். ஊழியர்கள் சம்பளப் பாக்கி கேட்டு கோர்ட்டுக்குப் போனது, 2015-ல் எரிவாயு இணைப்புச் சிக்கலில் கடை பல மாதம் பூட்டிக் கிடந்தது, இதெல்லாம் ஓரமாக ஒரு வரி, இரண்டு வரி.

வுடி ஆலனின் 'பிராட்வே டேனி ரோஸ்' (1984) பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு வெள்ளைப் படம். நிஜ நகைச்சுவைக் கலைஞர்கள் சிலர் இந்தக் கடையில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதையடிக்கிறார்கள். அந்தக் கதைதான் படம். டேனி ரோஸ் ஒரு ஏஜென்ட். யாரும் சீண்டாத கலைஞர்களை எல்லாம் சுமந்து திரிகிறவன். தேறி மேலே வந்தவன் கழற்றிவிட்டுப் போய்விடுவான். அவன் போட்டோவை எந்தக் கடையிலும் மாட்ட மாட்டார்கள். ஆனால், கடைசியில் கார்னகி டெலி அவன் பெயரில் ஒரு சாண்ட்விச் வைத்துவிட்டதாக மேஜைக்காரர்கள் சொல்கிறார்கள். பேகல் ரொட்டியில் க்ரீம் சீஸ், மேலே இத்தாலியத் தக்காளி சாஸாக இருக்கும் என்று கிண்டல் வேறு! எனக்குத் தெரிந்து, தோற்றுப்போனவனுக்கு சினிமா கொடுத்த நல்ல மரியாதைகளில் இது ஒன்று. பழைய நாட்களை நினைத்து ஏங்குகிற படம்தான். ஆனால், யாரை நினைத்து ஏங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

2018 டிசம்பரில் நடந்தது வேறு கதை. 1950-களின் நியூயார்க்கில் மேடையேறும் ஒரு பெண் காமெடியனைப் பற்றிய அமேசான் தொடர் 'தி மார்வலஸ் மிஸஸ் மெய்சல்'. அதன் விளம்பரத்துக்காக வேறொரு பேட்டையில் கார்னகி டெலியை ஒரு வாரத்துக்கு மறுபடி 'திறந்தார்கள்'. அந்தக் காலத்து அலங்காரம், 99 சென்ட்டுக்கு சாண்ட்விச். தர்ம காரியத்துக்குப் பணம் போனது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜனங்களும் சந்தோஷமாக க்யூவில் நின்றார்கள். எனக்கென்னவோ அது கடையாகத் தெரியவில்லை, செட்டாகத்தான் தெரிகிறது. கதவு, மெனு, நியான் விளக்கு எல்லாவற்றையும் செய்துவிடலாம் சார். விடிகாலையில் வந்து கறிக்கு ஆவி ஏற்றுகிறவரை எந்த ஆர்ட் டைரக்டர் செய்வார்? 'சீக்கிரம் சொல்லுய்யா, என்ன வேணும்?' என்று சிடுசிடுக்கிற சர்வரை? (சிடுசிடுப்பு அந்தக் கடைகளின் ஸ்பெஷல் அயிட்டம், தனி சார்ஜ் கிடையாது.) 99 சென்ட்டுக்கு இவர்கள் சம்பளம் கட்டுபடியாகாது என்பதுதான் டெலிகள் அருகிப்போனதற்கு ஒரு காரணம். வாடகையும் கறி விலையும் ஏறின. முதலாளிகளின் பிள்ளைகள் டாக்டராகவும் வக்கீலாகவும் போய்விட்டார்கள். யார் குற்றம் சொல்ல முடியும்?

சுவரில் தொங்கியவர்கள் எல்லோரும் சாப்பிட வந்தவர்கள். வுடி ஆலனையும் இந்த விஷயத்தில் முழுசாக விட்டுவிட எனக்கு மனசில்லை. கடையின் அன்றைய பங்குதாரர் லியோ ஸ்டெய்னருக்குப் படத்தில் தலைகாட்ட ஓர் இடம் கிடைத்தது. மேஜைக்காரர்கள் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது அந்த மேஜைக்குத் தட்டு கொண்டுவந்து வைப்பது யார் என்று கவனியுங்கள்.