அட்டை கிழிந்த தொகுதிகள்

தமிழில் காட்சித் தொடர்பியலையும் வடிவமைப்பையும் ஆராயப் புகுவோருக்கு ஆதாரங்கள் இல்லை என்பதும், எழுத்தின் உருவத்தைப் பற்றிய பிரக்ஞையே கணினி வந்த பிறகுதான் நமக்கு உண்டாயிற்று என்பதும், இன்று கருத்தரங்குகளில் சாதாரணமாகச் சொல்லப்பட்டு மறுப்பாரின்றி ஏற்கப்படுகிற அபிப்பிராயங்கள். இவ்விரண்டும் தவறானவை, அதோடு, வளர்கிற பிள்ளைகளைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் செல்வத்தைத் தாண்டி அயலூருக்கு இரக்க அனுப்புவதால் தீங்கானவையும்கூட.

விஸ்காம் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்குத் திருவதிகை வந்திருந்தபோது, "தமிழ்ல ரெஃபரன்ஸே இல்லைன்னு சொல்லிட்டாங்க தாத்தா, ஜெர்மன் போஸ்டர் பத்திப் பண்ணினா ஈஸியாம்" என்றாள். நான் பதில் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து, எங்களூர்த் தேர்த் திருவிழாவின் பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்து அவள் முன் விரித்தேன். ரோஸ் நிறத் தாள். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் 'சிவமயம்'. நான்கு பக்கமும் பூப்பார்டர். நடுவில், எத்தனையோ திருவிழாக்களுக்கு அச்சேறித் தேய்ந்துபோனதால் வில்லின் நாண் மறைந்து வில் மட்டும் மிஞ்சிய திரிபுராந்தக மூர்த்தியின் பிளாக். எட்டாம் நாள் உத்ஸவத்தைச் சொல்லும் வரியில் அச்செழுத்துக் கேஸில் இருந்த 'லை' எல்லாம் தீர்ந்துவிட்டது போலும். அச்சுக் கோப்பவர் அளவில் சிறிய வேறொரு 'லை'யை எடுத்து, அது ஆடாமலிருக்க மேலும் கீழும் ஈயத் தகடு கொடுத்து நிறுத்தியிருக்கிறார். 'தேர்' என்ற சொல் மட்டும் மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்தில் நிற்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவன் கண்ணில் முதலில் விழவேண்டியது எது என்பதை அந்த அச்சகத்தார் எந்தப் பாடநூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

அதில் ஆங்கில ஆண்டு இல்லை. சுபகிருது வருஷம் என்று மட்டும் இருக்கிறது. அறுபது ஆண்டுக்கொரு முறை சுழன்று வரும் அப்பெயர் 1902ஐயும் குறிக்கலாம், 1962ஐயும் குறிக்கலாம், 2022ஐயும் குறிக்கலாம். யானைத் துதிக்கைபோல் மேலே சுழி வளைந்த பழைய 'லை' இருப்பதாலும் ஈய எழுத்தில் கோத்திருப்பதாலும் 2022 அன்று. மின்சார தீபாலங்காரம் உண்டு என்று விளம்பியிருப்பதால் 1902உம் அன்று. ஆகவே 1962. அரை மணி நேரத்தில் பேத்தி தானே இம்முடிவுக்கு வந்தாள். ஆதாரம் என்பது ஆதாரம் என்று முதுகில் பெயர் பொறித்துக்கொண்டு அலமாரியில் நிற்கும் புத்தகம் மட்டும் அன்று என்பதை அவளுக்கு நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழ் அச்சின் முந்தைய கட்டங்களை வாசகர் அறிவார்கள், விரைந்து கடக்கலாம். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கமுள்ள சிறு நூல். அதன் இறுதிப் பக்கத்தில், முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்த எழுத்துக்களும் கொல்லத்தில் புதிதாக வார்த்த எழுத்துக்களும் மாதிரியாகத் தரப்பட்டுள்ளன. தமிழெழுத்தில் அச்சான முதல் நூலே தன் எழுத்தின் உருவத்தைக் குறித்து யோசித்த நூல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்து மிகப் பெரிதாயிருந்து தாளை விழுங்கியதால், பாலாடைக்கட்டி வந்த ஈயப் பேழைகளை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார் வீரமாமுனிவர். இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை 1835இல் நீங்கியது. இக்காலத்துக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' இன்றும் கைவிளக்கு. ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் ஆ. இரா. வேங்கடாசலபதியும் ஆங்கிலத்தில் எழுதிய அச்சுப் பண்பாட்டு வரலாறுகளும், மலிவு விலைக் குஜிலிப் பதிப்புகளைப் பற்றிய வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' என்ற தமிழ் நூலும் அடுத்தபடி வேண்டியவை. ஆயினும் இவர்கள் அனைவரும் பிரதானமாக நூலை வாசித்தவர்கள். நூலின் முகத்தைப் பார்ப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட காரியமன்று. அக்காரியம் நமக்காகக் காத்திருக்கிறது.

நான் நெஞ்சார நேசிப்பதும், அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதுவதும் அடுத்து வந்த அரை நூற்றாண்டை: ஏறத்தாழ 1930 முதல் 1980 வரை, தமிழெழுத்தைக் கையால் எழுதிய ஓவியர்களின் காலம். வாசனின் ஆனந்த விகடனில் மாலியும், அவரை அடுத்துக் கோபுலுவும், கல்கியில் மணியமும் வரைந்த சித்திரங்களைப் புகழாதார் இல்லை. ஆனால் அச்சித்திரங்களுக்கு மேலே தூரிகையால் எழுதப்பட்ட கதைத் தலைப்புகளை யார் ஆராய்ந்தார்கள்? பேய்க் கதைக்கு நடுங்கும் எழுத்து, சரித்திரக் கதைக்குக் கல்வெட்டின் சாயல், நகைச்சுவைக்குத் துள்ளும் கொம்பும் சுழியும் என்று, ஓர் எழுத்து ஒலியைச் சொல்வதோடு நில்லாமல் ரஸத்தையும் சொல்லும்படி செய்த அந்த மகத்தான கலையைக் கதைக்கு ஒட்டிய அலங்காரம் என்றே நாம் கருதிவிட்டோம். கோபுலு பத்திரிகையிலிருந்து விளம்பரத் துறைக்குப் போனது ஒரு கலைஞரின் சொந்த வாழ்க்கைச் செய்தி மட்டுமன்று. பத்திரிகையின் கோடும் கடைத்தெருவின் கோடும் ஒரே கையிலிருந்து பிறந்தன என்பதற்கு அதுவே அத்தாட்சி.

தெற்கே கோவில்பட்டியில், சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு வந்து சேர்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) தம் மாணாக்கர்களோடு எழுதிய தெய்வப் படங்கள், சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. அந்தச் சிவகாசி அச்சுத் தொழிலே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கும் தேவையில் வேர்விட்டு வளர்ந்தது. ஆகவே தீப்பெட்டி லேபிள் சிறுவர்கள் சேர்க்கும் விளையாட்டுப் பொருள் அன்று. ஒரு பெருந்தொழிலின் பிறப்புச் சான்றிதழ். கொண்டைய ராஜுவைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் எழுதினார். சினிமா பேனர்களையும் கட்அவுட்களையும் பற்றிப் பிரமிந்தா ஜேக்கப் 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். தமிழ்த்தாயின் உருவங்களைச் சுமதி ராமஸ்வாமி ஆராய்ந்தார். மூன்றும் உயர்ந்த பணிகள். மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளவை.

இதே காலத்தின் பின்பகுதியில், 1959இல் 'எழுத்து' தொடங்கி 1970இல் 'கசடதபற' வரை வந்த சிறுபத்திரிகைகளும், லட்சுமி கிருஷ்ணமூர்த்தியின் வாசகர் வட்டமும், 1974இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியாவும், கே. எம். ஆதிமூலம் போன்ற ஓவியர்களின் துணையோடு, பக்கத்தில் வெற்றிடம் விடுவதும் ஒருவகைப் பேச்சே என்று நமக்குக் கற்பித்தன. பணமில்லாத கைகள் செய்த அந்தச் சாதனைக்கு ஈடாகப் பிற்காலத்து வழுவழுப்பான தாள்கள் எதையும் செய்துவிடவில்லை என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

இவற்றைத் தேடிப் போனால் என்ன கிடைக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன், ஐம்பதுகளின் வார இதழ்த் தலைப்பெழுத்துக்களைப் பார்க்க வேண்டி ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன். இருபத்தாறு இதழ்களைச் சேர்த்துக் காலிகோ துணியில் அழகாகப் பைண்டு செய்த தொகுதி வந்தது. திறந்தால் கதைகள் உண்டு, அட்டைகள் இல்லை. விளம்பரப் பக்கங்களும் இல்லை. கதையை மட்டும் காப்பாற்றினால் போதும் என்ற நல்லெண்ணத்தில், பைண்டர் அட்டைகளையும் விளம்பரங்களையும் கழித்துவிட்டார். ஆதாரம் இல்லாமற்போனது இப்படித்தான், நாமே கிழித்தோம்.

கிழிக்காமல் காத்தவர் ஒருவர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையாச் செட்டியாரை எல்லோரும் நூல் சேகரித்தவர் என்றே போற்றுகிறார்கள். தொழிலால் அவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அதுவே தலையான செய்தி. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அவர் கை வைத்தபோது, புலவர்கள் புறக்கணித்த நாடக நோட்டீஸும் அழைப்பிதழும் அவர் கண்ணில் பட்டதற்குக் காரணம், எழுத்தை எழுதிப் பழகிய கண் அது. 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அச்சேகரம் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. தமிழ் வடிவமைப்பை ஆராய்பவன் முதலில் வணங்கிப் புகவேண்டிய வாசல் அதுவே.

அடுத்து, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்றான கன்னிமாரா, புதுக்கோட்டை ஞானாலயா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து அச்சுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம். எங்களூரிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் உள்ள புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில் நிழற்படங்களின் பெருந்தொகுப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ நிழற்படங்களைக் காக்கும் பணியிலும் அந்நிறுவனம் ஈடுபட்டது. இவ்விடங்கள் எதிலும் 'வடிவமைப்பு' என்ற தலைப்பில் தேடிப் பயனில்லை. ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் பதிவாகும் நம் அட்டவணைகளில், அட்டை எழுதியவர் பெயருக்கும் பிளாக் செய்தவர் பெயருக்கும் இடமில்லை. ஆகவே ஆராய்ச்சியாளன் அச்சகத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்; ஒரே அச்சகத்தின் பத்து நூல்களை அடுக்கிவைத்தால், அதன் கேஸில் என்ன எழுத்து இருந்தது, எந்தப் பார்டர் எத்தனை ஆண்டு உழைத்தது என்பது தானே பேசத் தொடங்கும். 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய பதின்மூன்று எழுத்துக்கள், காலத்தைக் கணிக்க உரைகல்லாகும். எனினும் பெரியாரின் குடி அரசு 1935இலேயே புது வடிவங்களை ஆண்டது. சிறு அச்சகங்கள் 1978க்குப் பிறகும் கைவசமிருந்த பழைய ஈயத்தைக் கைவிடவில்லை. இவ்விரண்டையும் மறந்தால் உரைகல்லே ஏமாற்றும்.

இனிப் போகவேண்டிய திசையைச் சொல்கிறேன். தலைநகரத்து நூலகங்கள் எவ்வளவு பெரியனவாயினும் ஒவ்வோர் ஊரின் நோட்டீஸையும் அவை சேர்க்க இயலாது; அதை அந்தந்த ஊரே செய்யவேண்டும். பக்கத்திலிருக்கும் நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் நிலக்கரி நிறுவனம் பிறந்து, அதற்காக ஒரு நகரமே திட்டமிட்டுக் கட்டப்பட்டு, வீதிகள் எண்ணிட்ட வட்டங்களாகப் பகுக்கப்பட்டு, வழிகாட்டிப் பலகையும் சுரங்கப் பாதுகாப்பு வாசகமும் தமிழில் எழுதப்பட்ட ஊர் அது. ஜெர்மானிய நகரத்து அறிவிப்புப் பலகைகளைப் படிக்கும் நம் மாணாக்கர்கள், இருபது மைலுக்குள் இருக்கும் இப்பலகைகளின் நிறத்தையும் எழுத்தையும் முதலில் படம்பிடித்து வைக்கட்டும். ஓய்வுபெற்ற அச்சுக் கோப்பாளரிடமும் போர்டு எழுதும் ஓவியரிடமும் உட்கார்ந்து, ஈயத்தையும் தூரிகையையும் அவர்கள் அழைத்த சொற்களை எழுதிக்கொள்ளட்டும். அச்சொற்கள் அவர்களோடு போய்விட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் திருப்பித் தர முடியாது.

என் பேத்தி இப்போது திருவதிகை, பண்ருட்டிக் கோயில்களின் திருவிழா நோட்டீஸ்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், எண்பத்திரண்டு கிடைத்திருக்கின்றன. நூலகர்களுக்கும், வீட்டில் பழைய இதழ் வைத்திருப்பவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே: பைண்டு செய்யக் கொடுக்கும்போது, அட்டையையும் விளம்பரத்தையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.