பந்தாடும் மகளிரும் பார்க்கும் கண்களும்

தமிழிலக்கியத்தில் மகளிர் விளையாட்டுக்கள் அருகிக் காணப்படுவன அல்ல. பந்து, கழங்கு, ஊசல், புனலாட்டு என அவை பலவாம். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துக வரி இடம்பெறுகின்றது. ஆயின், ஆடவர்க்குரிய ஏறுதழுவலும் மற்போரும் வலிமையின் அளவுகோல்களாக அமைய, மகளிர் ஆடல் பெரும்பாலும் கண்டு களிக்கும் காட்சியாகவே அமைகின்றது. இவ்வேறுபாடு உடற்கல்வி ஆசிரியர்கள் சிந்தித்தற்குரியது.

பெருங்கதையில் வரும் 'பந்தடி கண்டது' என்னும் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். வாசவதத்தை, பதுமாபதி ஆகியோரின் சேடியர் போட்டியிட்டுப் பந்தடிக்கின்றனர். கொங்குவேளிர் அவர்தம் அழகை வருணிப்பதிற் பின்னிற்கவில்லை. எனினும், அவர்கள் அடித்த எண்ணிக்கையையும் விடாது தருகின்றார். ஏனையோரை மானனீகை விஞ்சுகின்றாள். பயிற்சியும் மூச்சடக்கமும் கண்ணுங் கையும் இயைதலும் இன்றேல் இது கைகூடாது. மறைந்து கண்ட உதயணனோ அவள்பாற் காதல் கொள்கின்றான். ஒரே ஆடலைப் புலவர் எண்ணியுங் காண்கின்றார். அரசன் நயந்து மட்டுமே காண்கின்றான்.

உதயணனின் நோக்கு பாடசாலை மைதானத்திலும் நுழைதல் கூடும். கொழும்பிலே தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆண், பெண் எனத் தனித்தனிப் பாடசாலைகளிற் பயில்கின்றனர். வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயமும் கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடமும் மகளிர்க்குரியன. கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ற் கல்லூரி ஆடவர்க்குரியது. ஒப்புநோக்கும் வாய்ப்புக் குறைந்தவிடத்து, 'இது பெண்பிள்ளைகளுக்கு இயலாது' என்னும் முடிவு சோதிக்கப்படாமலே நிலைத்துவிடலாம்.

அத்தகைய முடிவின் விளைவை ஒலிம்பிக் வரலாறு உணர்த்தும். 1928இல் அம்ஸ்ரடாமில் மகளிர்க்கு 800 மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. ஓடியோர் சோர்ந்து வீழ்ந்தனர் என்ற மிகைப்பட்ட செய்திகளின் பின் அது நீக்கப்பட்டு, 1960இலேயே மீண்டும் இடம்பெற்றது. இலங்கையிலோ, சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் வென்றார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. பெண்ணுக்குக் குறையென்று ஊரார் கூறக்கூடிய உயரமே அங்கு அணியின் பலமாயிற்று.

எனவே, ஆசிரியர் தம் சொற்களைத் தாமே ஆராய்தல் வேண்டும். ஆண்பிள்ளையை 'விரைவாக ஓடினான்' என்றும் பெண்பிள்ளையை 'அழகாக ஓடினாள்' என்றும் பாராட்டினால், ஒருவர்க்கே அளவுகோல் வழங்கப்படுகின்றது. தாளத்திற்கிசைந்த உடற்பயிற்சியை நாடும் ஆண்பிள்ளையை நகையாடுவதும் இதன் மறுபக்கமே. நேரத்தையும் தூரத்தையும் இருபாலார்க்கும் ஒருங்கே குறித்துவைத்தல் சிறு தொடக்கமாகும். மானனீகையின் அடிகளை எண்ணிய புலவரின் கண்ணே மைதானத்திற்கு வேண்டுவது.