எவ்வளவு கொடுக்குது?

யார் கார் வாங்கினாலும் நாம் கேட்கிற முதல் கேள்வி, 'எவ்வளவு கொடுக்குது?' லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். பெர்ன்ஹில் மேட்டில் குடியிருப்பவரும் இதையேதான் கேட்கிறார். அதுதான் இந்த வாரம் என் புகார்.

'டிக்கி வைத்த சின்ன கார்' பிறந்ததே கணக்குப் புத்தகத்தில்தான். 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டருக்கு மிகாத, சின்ன இன்ஜின் கார்களுக்குக் கலால் வரி 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆனது. உடனே வாலை நறுக்க ஆரம்பித்தார்கள். 2008-ல் வந்த மாருதி டிசையரின் நீளம் 4,160 மி.மீ. 2012-ல் 3,995! டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 ஆகச் சுருங்கியது. உங்கள் சூட்கேஸுக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்தது நிதியமைச்சகம்!

போகட்டும், விலை குறைஞ்சுதே என்கிறீர்களா? ஒரு பி.காம். கணக்குப் போடுவோம். எட்டு லட்சத்துக்கு வாங்கி, எட்டு வருஷம் ஓட்டி, இரண்டு லட்சத்துக்கு விற்பதாக வையுங்கள். தேய்மானமே வருஷத்துக்கு 75,000 ரூபாய். வருஷம் 10,000 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால், 20 கொடுக்கிற வண்டிக்கும் 15 கொடுக்கிற வண்டிக்கும் வித்தியாசம் சுமார் 16,700தான். பெரிய செலவை விட்டுவிட்டுச் சின்னதைத் துரத்துகிறோம்.

அந்தச் சின்னதை மிச்சம் பிடிக்கத்தான் மலையில் சிலர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு 'பெட்ரோல் மிச்சம்' என்று சிரிக்கிறார்கள். மிச்சமே கிடையாது சார்! இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜினில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். வண்டியின் பாரம் முழுக்க பிரேக் தலையில் விழுந்து, அது கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

ரிப்பேரே வராத வண்டிதான் நல்ல வண்டி என்கிறோம். பிரேக் பேட் தேய்வது ரிப்பேர் இல்லை. தேய்வதுதான் அதன் வேலை. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு. டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் மூச்சு வாங்கும். ஏற்றத்தில் கிளட்ச் தேயும், இறக்கத்தில் பிரேக் தேயும். கம்பெனி சொல்லும் மைலேஜோ, பரிசோதனைக் கூடத்தில் உருளைமேல் ஓடவிட்டு எடுத்தது. அந்த உருளைக்குக் கொண்டை ஊசி வளைவு கிடையாது.

பெர்ன்ஹில் வழியாகப் போகிற மலை ரயிலைப் பாருங்கள். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். உங்கள் காரில் பிரேக்ஸ்மேன் நீங்கள் ஒருத்தர்தான்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றுவது, வண்டிச் செலவிலேயே மிகச் சின்னது. அதைத்தான் முதலில் தள்ளிப்போடுகிறோம். மலையில் பழைய செடான் வாங்கப் போகிறீர்களா? 'எவ்வளவு கொடுக்குது' என்பதை அப்புறம் கேளுங்கள். 'பிரேக் ஆயில் எப்போ மாத்தினீங்க?' என்று முதலில் கேளுங்கள். விற்கிறவர் முழித்தால், வேறு வண்டி பாருங்கள்.