இயல்பு என்னும் கைவேலை

சீட்டு வித்தையில் தேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும்போது கையின் வேகத்தைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவர்களுடைய உச்சபட்சச் சொல் 'இயல்பு'. கை சும்மா இருக்கிற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். இந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் கண்ணாடி முன் கழிந்த வருஷங்கள் கிடக்கின்றன. உழைப்பின் தடத்தை அழிப்பதற்காகவே செலுத்தப்படும் உழைப்பு இது.

இந்த அழகியலின் மூலப்பிரதி என 1902இல் சிகாகோவில் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயரில் வெளியான 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்' நூலைச் சொல்லலாம். முதலில் சூதாட்ட மேசையில் ஏமாற்றும் முறைகள். அப்புறம்தான் மேடை வித்தை. பணம் தேவைப்படுகிறது, அதனால் எழுதுகிறேன் என்று நூலாசிரியர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். பெயரைத்தான் மறைத்தார். அதைத் திருப்பி வாசித்தால் ஈ. எஸ். ஆண்ட்ரூஸ் என்று வரும். ஆனாலும் ஆள் யாரென்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆசிரியனின் மரணத்தைப் பற்றி ரோலான் பார்த் 1967இல் எழுதினார். இந்த ஆசிரியனோ அதற்கு வெகுமுன்பே தன் பிரதியிலிருந்து நழுவிப் போய்விட்டான்.

இந்நூலை வேதம்போலப் படித்தவர் கனடாவில் பிறந்த டாய் வெர்னன் (1894-1992). எந்த வித்தையையும் மூன்றுமுறை பார்த்தால் பிடித்துவிடுவேன் என்று சொல்லிவந்த ஹூடினியை 1922இல் திரும்பத் திரும்பக் காட்டியும் திணறடித்தவர். சூதாடிகளின் நுட்பங்களைத் தேடித்தேடி அலைந்தவரும் அவரே. சீட்டைக் கலைத்த பிறகு எதிராளி வெட்டுகிறாரே, அந்த வெட்டுதான் நேர்மையாக ஆடுகிறவனுக்குள்ள ஒரே காப்பு. வெட்டியதும் அடியில் ஒளித்த சீட்டு நடுவுக்குப் போய்விடும். அதை நடுவிலிருந்தே உருவிப் போட ஒருவனால் முடியும் என்று 1932இல் விச்சிட்டா சிறையிலிருந்த ஒரு சூதாடி வெர்னனிடம் சொன்னார். தேடிப்போய் மிசௌரி மாநிலத்துச் சிற்றூரான பிளெசன்ட் ஹில்லில் ஆலன் கென்னடியைக் கண்டுபிடித்தார். கென்னடி கற்றுக்கொடுத்தார்.

வெர்னன் 'பேராசிரியர்' ஆனார்; கென்னடி பிளெசன்ட் ஹில் சூதாடியாகவே இருந்து 1961இல் இறந்தார். கென்னடியின் கதையை விரிவாகச் சொன்ன கார்ல் ஜான்சனின் நூல் 2005இல்தான் வந்தது. கைவேலைக்காரனின் அறிவு மேலே ஏறும்போது கலையாகிறது, அவன் மட்டும் கீழேயே நின்றுவிடுகிறான். கென்னடி ஏமாற்றுக்காரன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் மேசையில் தோற்றவன் கூலிப் பணத்தைத் தோற்றிருக்கலாம். வித்தைக்காரரின் பார்வையாளரோ ஏமாறுவதற்குச் சம்மதித்து உட்கார்ந்திருக்கிறார். ஆக, விரல் செய்வது ஒன்றேதான். அறம் விரலில் இல்லை, மேசைக்கு இருபுறமும் உள்ள உறவில் இருக்கிறது. சம்மதம் கேட்காமல் தன் கைவேலையை 'இயல்பு' என்று காட்டுகிற எதுவும், அரசானாலும் சந்தையானாலும், சூதாடியின் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது.

மறைத்தால்தான் வியப்பு உண்டாகும் என்பார்கள். அர்ஜென்டினாவின் ரெனே லவாந்த் (1928-2015) இதற்குப் பதில். ஒன்பது வயதில் விபத்தில் வலக்கையை இழந்தவர். நூல்கள் எல்லாம் இரண்டு கைகளுக்கென்று எழுதப்பட்டிருக்க, இடக்கைக்கென்று முறைகளைத் தானே உண்டாக்கிக்கொண்டார். அவர் வேகத்தையும் நாடவில்லை. மேலும் மெதுவாக, இன்னும் மெதுவாகச் செய்து காட்டினார். இரு கை உடம்பை வைத்து வரையறுத்த 'இயல்பு' அங்கே செல்லாது. பார்ப்பவர் அந்தக் கையின் உழைப்பை ஒரு கணமும் மறக்க முடியாது. ரகசியம் அப்படியே இருந்தது, உழைப்பு கண்ணெதிரே தெரிந்தது, வியப்பும் குறையவில்லை. ரகசியத்தைக் காப்பதும் உழைப்பை மறைப்பதும் வேறுவேறு காரியங்கள் என்பதற்கு வேறு நிரூபணம் எதற்கு?

'நடை இயல்பா வந்திருக்கு' என்று நாம் மதிப்புரை எழுதுகிறோம். எந்த உடம்பின், எந்த வாயின் இயல்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு சொல்கிறோம்? 'செயற்கை' என்று தள்ளிய பிரதிகளில் எத்தனை ஒற்றைக் கையால் எழுதப்பட்டவை? அவற்றை இன்னொருமுறை, மெதுவாக, எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.