நாட்டுப்புறம்: யாருக்குப் புறம்?

'நாட்டுப்புற இசைன்னா என்னங்க?' யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கேட்டதும் பதில் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். சொல்ல ஆரம்பித்தால் முடிக்க முடியாது. கிராமத்துப் பாட்டு என்பார்கள். அப்படியானால் வடசென்னையில், வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வளர்ந்த கானாவை எங்கே வைப்பது? ஆக்கியவர் பெயர் தெரியாத பாட்டு என்பார்கள். கானாப் பாடகர் தன் பெயரையே பாட்டுக்குள் வைத்துக் கட்டுகிறாரே. வாய்மொழியாக வந்தது என்பார்கள். கர்நாடக சங்கீதம் மட்டும் என்ன, குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்கு வந்ததுதானே? எளிமையானது என்பார்கள். நையாண்டி மேளத்துத் தவில்காரர் ஆட்டக்காரியின் காலைப் பார்த்தபடி அடிக்கிற அடிகளை ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்.

வரையறை ஒவ்வொன்றாகத் தோற்றுப்போகிறது. முத்திரை மட்டும் தோற்பதில்லை. பாடத்திட்டத்தில், வானொலியில், விருதுப் பட்டியலில், விழா அழைப்பிதழில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இசைக்கு வகை பிரிப்பது கடினம், எல்லைகள் கலங்கித்தான் இருக்கும், உலகம் பூரா அப்படித்தான் என்று அறிஞர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கட்டும். எல்லை கலங்கியிருக்கிறது என்றால் ஆள் மட்டும் எப்படி ஒருத்தர்கூட மாறாமல் அந்தந்தப் பக்கமே நிற்கிறார்கள்? எனக்கு அதுதான் கேள்வி.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். நா. வானமாமலை 1964இல் தொகுத்த நூலுக்கு 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்று பெயர். பிறகு 'நாட்டுப்புறப் பாடல்' வந்தது, 'கிராமியப் பாடல்' இருந்தது, 'நாட்டார் பாடல்' வந்தது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இந்தப் பெயர்களுக்கு நடுவே நடந்த சண்டையை நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்தோம். நாற்று நடும்போது எங்கள் அம்மாக்கள் பாடுவது எந்தப் பெயரில் அடங்கும் என்று தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விகூட வந்தது. அம்மாக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களிடம் அதற்குப் பெயர் இருந்தது: நடவுப் பாட்டு. இழவு வீட்டில் பாடினால் ஒப்பாரி. தொட்டிலுக்குத் தாலாட்டு. வேலைக்கும் துக்கத்துக்கும் பெயர் இருந்தது. மொத்தமாகப் போட்டுக் கட்டுகிற மூட்டைக்குத்தான் பெயர் இல்லை. அந்த மூட்டை அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

அதிலும் 'நாட்டார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சோழர் காலக் கல்வெட்டில் நாட்டார் என்றால் நிலம் வைத்திருந்தவர்களின் சபை. இன்றைக்கும் தெற்கே நாட்டார் என்றால் ஊரை ஆளுகிற சாதிக்காரர். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமை நான்கு நாட்டார்களுக்கு என்று சொல்லித்தான் தலித்துகளைத் தள்ளி நிறுத்தினார்கள். நீதிமன்றம் வரை போய், தேரே ஓடாமல் ஆண்டுக்கணக்கில் நின்று, 2024இல்தான் மறுபடி ஓடியது. வடத்தைத் தொட விடாத நாட்டாரின் பெயரை, வடத்தைத் தொட முடியாதவர்களின் பாட்டுக்கு வைத்தது நம் கல்விப்புலம். கெட்ட எண்ணத்தில் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சேரியின் காதால் அந்தச் சொல்லை ஒருமுறைகூட அவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. 'நாட்டுப்புறம்' மட்டும் என்ன வாழ்கிறது? நாட்டுக்குப் புறம். யார் நாட்டுக்கு, யார் புறம்?

இனி இசைக்கே வருவோம். நாதசுரமும் தவிலும் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கப்பட்டால் அது பெரிய மேளம், செவ்வியல். அதே நாதசுரமும் தவிலும் பம்பையோடு சேர்ந்து கரகாட்டத்துக்கு வாசிக்கப்பட்டால் நையாண்டி மேளம், நாட்டுப்புறம். கருவி மாறவில்லை. துளை மாறவில்லை, தோல் மாறவில்லை. கேட்கிறவர் மாறினார், இடம் மாறியது, வாசிக்கிறவரின் படி மாறியது. தாளத்தைப் பாருங்கள். மும்மூன்றாக நடந்தால் கச்சேரியில் அது திஸ்ர நடை. தனி ஆவர்த்தனத்தில் வந்தால் சபையில் கைத்தட்டல். தெருவில் டப்பாங்குத்தும் பெரும்பாலும் அந்த மும்மூன்றில்தான் நடக்கிறது. அங்கே அது 'குத்து', காது கூசுகிற சத்தம். கணக்கு ஒன்றுதான், மரியாதை இரண்டு.

ராகமும் அப்படியே. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி போன்றவை மக்கள் மெட்டுகளிலிருந்து வந்தவை என்று சங்கீத நூல்களே எழுதுகின்றன. மெட்டு உள்ளே போய்விட்டது. பாடியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கச்சேரிகளில் ஒலிக்கிறது. கோயிலுக்குள் போக ஏங்கிய புலைப்பாடி மனிதனின் அழுகை, சபாவில் உருகிக் கேட்கத் தக்க உருப்படி. நந்தனின் வம்சத்தார் அதே சபாவில் தங்கள் பறையோடு ஏறினால் அதற்கு வேறு நாள், வேறு அரங்கு, வேறு பெயர்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் அது பேசாது. அந்தத் தோலைப் பதம் பார்த்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்துவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா கடைசியில் மறுத்துவிட்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. செய்கிற கைக்கு 'கைவினை' என்று பெயர், வாசிக்கிற கைக்கு 'கலை' என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோட்டை இசை இலக்கணம் போடவில்லை.

தமிழிசை இயக்கம் இதை உடைத்ததா? ஆபிரகாம் பண்டிதர் 1917இலேயே 'கருணாமிர்த சாகரம்' எழுதி, இந்த இசையின் வேர் தமிழில் என்று வாதாடினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. கச்சேரியின் கடைசியில் 'துக்கடா' என்று ஒதுக்கியிருந்த தமிழ்ப் பாட்டை நடுவுக்குக் கொண்டுவரப் போராடினார்கள். நியாயமான போராட்டம். துக்கடா என்பதும் இசையைப் பற்றிய சொல் இல்லை, இடத்தைப் பற்றிய சொல் என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் மொழிக்குக் கேட்ட நாற்காலியை ஆளுக்குக் கேட்கவில்லை. தேவாரம் மேடையேறியது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் யாழோடு சேர்த்து எண்ணிய பறை, இழவு வீட்டு வாசலிலேயே நின்றது.

அரசு வானொலி இதையெல்லாம் அலமாரியாகவே செய்து வைத்தது. சாஸ்திரீய சங்கீதம் ஒரு அறை, மெல்லிசை ஒரு அறை, கிராமிய இசை ஒரு அறை. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தார்கள். அந்த இடத்தை நிரப்ப வளர்த்ததுதான் மெல்லிசை. வல்லினம், மெல்லினம், இடையினம் படித்தவன் நான். மெல்லிசை இருக்கிறது, வல்லிசை எங்கேய்யா? அதன் சட்டதிட்டம் இன்னதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாஸ்திரீயமும் இல்லை, சினிமாவும் இல்லை, சேரியும் இல்லை. மிச்சம் எதுவோ அது மெல்லிசை. 'இல்லை, இல்லை' என்று கழித்துக் கழித்து வைத்த பெயர்.

தெளிவில்லாத பெயர் எப்படிக் கூலியை மட்டும் தெளிவாக அறுக்கிறது என்பதற்கு ஒரு அனுபவம். ஒரு மாவட்டத்தில் நடந்த விழாவுக்கு எங்கள் பறைக் குழு விண்ணப்பித்தது. படிவத்தில் மூன்று கட்டம்: செவ்வியல், மெல்லிசை, நாட்டுப்புறம். எங்கள் அண்ணன் ஒருத்தர், 'பறைன்னே எழுதுங்க சார், அது போதும்' என்றார். எழுத்தர் சிரித்துக்கொண்டே, 'அந்தப் பேர்ல கட்டம் இல்லப்பா' என்று மூன்றாவதில் குறி போட்டார். கட்டத்துக்குக் கட்டம் தொகை வேறு. முதல் கட்டத்துக்காரர்களுக்குத் தங்க அறை. எங்களுக்குப் பள்ளிக்கூட வராந்தா. நாட்டுப்புறம் என்றால் என்ன என்று கேட்டால் அந்த எழுத்தருக்கும் தெரியாது. யாருக்கு வராந்தா என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. கறுப்பர்களின் போராட்டத்திலிருந்து நாம் கற்றவை பல. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயரெடுத்ததே அங்கிருந்துதான். அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் 1920களில் கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', தெற்கத்தி ஏழை வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி' என்று தட்டுகளைப் பிரித்து விற்றன. இரண்டு பேரும் பல சமயம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். 1949இல் பில்போர்ட் பத்திரிகை முதலாவதை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. பெயர் கௌரவமானது, கோடு அழியவில்லை. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைத் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து அதே பில்போர்ட் நீக்கியது. கன்ட்ரிக்குரிய கூறுகள் போதவில்லை என்பது காரணம். போதுமான கூறு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அளவுகோல் காட்டப்படவில்லை.

இங்கே இளையராஜா அந்த அளவுகோலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார். 1976இல் 'அன்னக்கிளி' வந்ததும் கிராமிய மெட்டுக்காரர் என்று ஒரு முத்திரை விழுந்தது. அவர் 1986இல் பாட்டு வரிகளே இல்லாத ஒரு தொகுப்பை வெளியிட்டு, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதன் பெயர் 'ஹவ் டு நேம் இட்', அதாவது இதற்கு எப்படிப் பேர் வைப்பது. அந்தத் தலைப்பை அடக்கமாகவும் கேட்கலாம், சவாலாகவும் கேட்கலாம். எனக்குச் சவாலாகத்தான் கேட்கிறது.

சரி, நாம் நமக்கு வைத்துக்கொள்கிற பெயர்கள்? அவற்றையும் விட்டுவிடக் கூடாது. கே.ஏ. குணசேகரன் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடியபோது அதையும் 'நாட்டுப்புறப் பாட்டு' என்றே பத்திரிகைகளில் எழுதினார்கள். அது எழுதியவர் பெயர் தெரிந்த, நேற்று எழுதப்பட்ட, கோபத்தில் பிறந்த பாட்டு. 2017இல் தொடங்கிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகப் போட்டு, தன் பெயரில் இசையைச் சொல்லாமல் சாதி மறுப்பைச் சொன்னது. அதில் இசைவாணி என்ற பெண் கானா பாடினார். கானா ஆம்பளைப் பாட்டு என்ற நம் வீட்டு வரையறையும் அங்கே உடைந்தது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' வந்தது. 'மக்களிசை' என்பதும் தெளிவில்லாத சொல்தான். யார் மக்கள் என்று கேட்டால் நமக்கும் தடுமாறும். வித்தியாசம் ஒன்று உண்டு. இந்தப் பெயரை வைத்தவர்கள் மேடையில் நின்று பாடுகிறவர்கள். நாளைக்குப் பொருந்தாவிட்டால் அவர்களே மாற்றுவார்கள்.

இன்னொரு ஆபத்தும் வந்திருக்கிறது. பறை இப்போது 'தமிழர் இசை'. நகரத்துப் பயிற்சி வகுப்புகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாம் சந்தோஷம். ஆனால் 'தமிழர் இசை' என்ற பெரிய பெயருக்குள், சாவுக்கு அடிக்கச் சொல்லி ஊர் கட்டளையிட்ட வரலாறு கரைந்துபோகிறது. அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்து அடிவாங்கிய சேரிகளும் கரைந்துபோகின்றன. முன்பு சிறிய பெயரால் ஒதுக்கினார்கள். இப்போது பெரிய பெயரால் மறைக்கலாம். இரண்டிலும் நம்மைக் கேட்கவில்லை.

ஆகவே நாட்டுப்புற இசைக்கு இன்னும் துல்லியமான வரையறை வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த வேலையை விட்டுவிடலாம். பறையைப் பறை என்று எழுதுங்கள். கானாவைக் கானா என்று, ஒப்பாரியை ஒப்பாரி என்று, நையாண்டி மேளத்தை நையாண்டி மேளம் என்று எழுதுங்கள். படிவத்தில் அந்தப் பெயர்களுக்குக் கட்டம் போடுங்கள். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே தொகை வையுங்கள். வராந்தாவில் படுப்பதானால் எல்லாரும் படுப்போம். அதற்குப் பிறகும் செவ்வியலுக்கும் நாட்டுப்புறத்துக்கும் இசையில் என்ன வேறுபாடு மிஞ்சுகிறது என்று சாவகாசமாக உட்கார்ந்து பேசலாம். வாங்க, நாங்களும் வர்றோம்.