கேட்டவரும் கண்டெடுத்தவரும்

தருமபுரிச் சீமையின் பழைய வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் நாடுவது ‘பாரமஹால் ஆவணங்கள்’ என்னும் தொகுப்பையே. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கும்பினியார் கைக்கு மாறியபின், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோ முதலான அவர்தம் உதவியாளரும் எழுதிக் குவித்த குறிப்புகள் அவை. நிலம், வரி, விளைபொருள், குடிகள் என யாவும் அதில் உண்டு. எனினும், குடிகளைப் பற்றிய பேச்சு மிகுதி. குடிகள் தாமே பேசிய பேச்சு அரிது.

இருநூறாண்டுகட்குப் பின் இதே மாவட்டத்தில் குடிகளின் குரல் ஏட்டில் ஏறிற்று. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனமரச் சோதனை என்னும் பெயரால் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து இழைத்த கொடுமையில் பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்கள் நீதிமன்றத்தில் நின்று தம் வாயால் சாட்சியம் பகர்ந்தனர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிருடனிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

இத்தகைய மக்களின் வாழ்க்கை வரலாறுகளை நேர்காணல்களாகப் பதிந்து ஆய்வுக் காப்பகங்களில் சேமிக்க வேண்டும், பிற்கால ஆய்வாளர் எடுத்தாள வழிசெய்ய வேண்டும் என்பர் அறிஞர். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1994-இல் இதற்கெனவே ‘குவாலிடேட்டா’ என்னும் அமைப்பு தோன்றிற்று. நோக்கம் நன்று. ஆயினும் ஒரு வினா எழுகிறது. நேரில் கேட்டவர் ஒருவர். முப்பதாண்டு கழித்து அந்த ஏட்டைப் புரட்டுபவர் வேறொருவர். பின்னவருக்கு எவ்வளவு பேச உரிமையுண்டு?

ஹதீஸ்கலை இமாம்கட்கு இவ்வினா புதியதன்று. ஹிஜ்ரி 643-இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ், செய்தியைப் பெறும் முறைகளை எட்டாக வகுத்தார். ஆசிரியர் வாயினின்று நேரே கேட்பது ‘ஸமாஉ’, அது முதற்படி. கேளாமலும் அனுமதி பெறாமலும் ஒருவர் கையெழுத்தேட்டைக் கண்டெடுப்பது ‘விஜாதா’, அது கடைசிப்படி. கண்டெடுத்தவர், “இன்னாருடைய ஏட்டில் கண்டேன்” எனலாம். “இன்னார் எனக்குச் சொன்னார்” எனலாகாது. காப்பகத்தில் அமரும் ஆய்வாளரின் நிலையும் விஜாதாவே. தாம் காணாத கண்ணீரைக் கண்டதுபோல் அவர் எழுதுவாராயின், அந்நூல் எத்துணை அழகியதாயினும் நம்பத்தக்கதன்று.

ஆனால் நம் அளவுகோலும் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. பெயர் அறியப்படாத அறிவிப்பாளரின் செய்தியைப் பலவீனமானதென்பது இமாம்களின் விதி. இத்தகைய பெண்களின் பெயரை வெளியிடுவதோ சட்டத்துக்கும் மானத்துக்கும் மாறானது. பெயரின்றி எங்ஙனம் நம்புவது? நீதிமன்றம் காட்டிய வழியே விடையாகும். நீதிபதி அவர்களை அறிந்திருந்தார். உலகம் பெயரை அறிய வேண்டியிருக்கவில்லை. தீர்ப்புக்கு அதனால் குறைவு நேரவில்லை. காப்பகமும் பெயரை உள்ளே அறிந்து பூட்டிவைத்து, வெளியே எண்ணிட்டு வழங்கலாம். அப்போது நம்பகத்தின் பாரம் முழுவதும் காப்பாளர் தோளில் ஏறுகிறது.

அக்காப்பாளர் தம்மால் காக்கவியலாத வாக்கை அளித்தலாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரிக்கென 2001 முதல் வட அயர்லாந்துப் போராளிகளின் வாக்குமூலங்கள் பதியப்பட்டன. சொன்னவர் மறையும்வரை அவை வெளிவாரா என உறுதி கூறப்பட்டது. 2011-இல், 1972-ஆம் ஆண்டுக் கொலையொன்றை விசாரிக்க அந்நாடாக்கள் சட்டப்படி கோரப்பட்டன. சில ஒப்படைக்கவும் பட்டன. 2014-இல் கல்லூரி, பதிவுகளைச் சொன்னவர்க்கே திருப்பித்தர முன்வந்தது. அமானிதம் முறிந்தபின் வந்த மருந்து அது!

நம் இல்லங்களிலும் மூத்தோர் பேச்சைப் பிள்ளைகள் கைப்பேசியில் பதிகின்றனர். வரவேற்கத்தக்கதே. கேட்டவர் யார், எந்நாள், எவ்வூர், பேசியது தமிழிலா தக்கினியிலா, அருகிருந்தோர் எவர், எதை வெளியிட இசைந்தார், எதை மறுத்தார் என்னும் இவற்றையும் உடன் எழுதிவையுங்கள். ஸனது அற்ற பேச்சு வெறும் ஓசையாகிவிடும். அமானிதம் அற்ற சேமிப்போ சொன்னவருக்கே பகையாகிவிடும். இவ்விரண்டையும் பேணுவோரிடமே ஒரு சமுதாயம் தன் வாயைத் திறக்கும்.