நெகட்டிவ் யாரிடம் இருந்தது?

தமிழில் நாம் படம் ‘எடுக்கிறோம்’. ‘பிடிக்கிறோம்’ என்றும் சொல்வதுண்டு. இரண்டு வினைகளிலும் ஒரு கைப்பற்றல் இருக்கிறது. ஃபிலிமில் படமெடுப்பது பற்றி இப்போது எழுதப்படுகிறவற்றில் இந்தக் கைப்பற்றல் பேசப்படுவதில்லை. சுருளுக்கு 36 படம்தான், ஆகவே நிதானம் வருகிறது. வெள்ளித் துகளின் சொரசொரப்பு ஒளிக்கு உடல் தருகிறது. இப்படி ஓர் அழகியல் சொல்லாடலோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நெகட்டிவ் யாரிடம் இருந்தது?

ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம், ஆகவே ‘அசல் பிரதி’ எது என்று கேட்பதில் பொருளில்லை என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். சரி. ஆனால் பிரதிகள் பெருகியதுபோலப் பிரதி போடும் உரிமை பெருகவில்லையே. ஏட்டுச் சுவடியை நினைத்துப் பாருங்கள். பெயர்த்தெழுதியவன் கையில் இருப்பதும் முழுச் சுவடிதான். அதிலிருந்து இன்னொருவன் பெயர்த்தெழுதலாம். ஃபிலிமில் அப்படியில்லை. வீட்டுக்கு வந்தது காகிதம். நெகட்டிவ் பெரும்பாலும் ஸ்டுடியோவிலேயே தங்கியது. சுவரில் மாட்டிய அப்பாவின் படம் செல்லரித்தால், “நெகட்டிவ் இருக்கா பாருங்கண்ணே” என்று அங்கேதான் போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் காகிதத்தையே மறுபடி படமெடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் மங்கும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தை வைத்து இதை யோசிக்கலாம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அங்குள்ள சிவன் கோயிலில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்குகிறது. ஒரு பிரதி ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டுப் பகிரப்படுவதற்கான ஏற்பாடு அது. அதே ஊரின் பல்லவர் கால நடராசர் செப்புத் திருமேனி இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலை வரலாற்று நூல்களில் அதன் படம் அச்சாகிறது. அடியில் ‘கூரம்’ என்ற பெயர். ஊரின் பெயர் பயணம் செய்கிறது. படம் ஊருக்கு வர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்துச் சேர்த்துவந்தது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கோயிலில் 1994இல் எடுத்த படம் இந்தச் சேகரத்தில் இருந்தது. சிலை எந்த ஊருடையது என்று நிறுவ அது உதவியது. 2014இல் நடராசர் இந்தியா திரும்பினார். இதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை.

ஆனால் இங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும். ‘அது அங்கே இருந்தது’ என்பதையே புகைப்படத்தின் சாரமாகக் கண்டார் ரோலான் பார்த். அதைச் சொல்லும் அதிகாரம் கும்பிட்டவரிடமிருந்து சேகரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. “இது எங்க சாமி” என்ற சொல் மட்டும் போதாது. எண்ணிட்டு உறையில் வைத்த படம் வேண்டும். சரி, படமே எடுக்கப்படாத சாமி? கல்லிலும் செப்பிலும் ஆன தெய்வங்கள் கலையாகப் பார்க்கப்பட்டதால் படமாயின. சேரி எல்லையில் மண்ணில் பிடித்துவைத்த தெய்வம் எத்தனை சுருளில் இடம்பெற்றது? அது காணாமல்போனால் எந்தச் சான்றைக் காட்டுவது?

உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த காலம் முடிந்துவிட்டது. அன்று அன்றாடப் பொருளாக இருந்தது இன்று செலவு பிடிக்கும் விருப்பம். இந்த விருப்பத்தோடு தறிக்கூடங்களுக்கு வருகிறவர்கள் ஃபிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து, கைப்பேசி வழியே உலகத்தோடு பகிர்கிறார்கள். இதில் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை. நெகட்டிவ் அவர்களுடைய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தறியில் உட்கார்ந்திருந்தவருக்குக் காகிதம்கூட வந்து சேருவதில்லை.

ஃபிலிமின் தனித்தன்மை சொரசொரப்பில் இல்லை. அது கத்தரியால் வெட்டிக் கையில் கொடுக்கக்கூடிய பொருள். கொடுத்துவிட்டால் நம்மிடம் இருக்காது. கோப்பை அனுப்புகிறவன் எதையும் இழப்பதில்லை. நெகட்டிவைக் கொடுக்கிறவன் இழக்கிறான், அதோடு அடுத்த பிரதியைப் போடும் உரிமையையும் கைமாற்றுகிறான். பகிர்தல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் பங்கிடுதல் என்றுதான் பொருள். ஃபிலிமை மீட்டெடுக்கிறோம் என்கிறவர்கள் இந்தப் பங்கிலிருந்து தொடங்கட்டும்.